நாற்காலிக் கால் வரைந்த கோடு

இரவென்னும் கரும்போர்வையை உதறி மடித்து மேற்கு மூலையில் வைத்துவிட்டு, கீழ்வானம் புதிதாய்த் துலக்கிய செம்புக் குடம்போல் சுடர்விடத் தொடங்கிய அவ்வேளையில், அவ்வூரின் கூரைகளுக்கு மேலே ஓசைகள் ஒன்றன்பின் ஒன்றாய் விழித்தெழுந்தன. உயர்ந்த தூணின் உச்சியிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் நெடுங்குரல் முதலில் எழுந்து, ஈரக்காற்றில் நீந்தித் தெருவின் வளைவுதோறும் தயங்கித் தயங்கிச் சென்றது. அது ஓய்ந்த வெளியை எதிர்த்தெருக் கோபுரத்து வெண்கல மணி தன் கனத்த நாவால் நிரப்பியது. அதன் அதிர்வு அடங்குமுன் எங்கோ ஒரு மாடிவீட்டில் யாரோ ஆட்டிய சிறுமணி கிணுகிணுத்தது. இவற்றுக்கிடையே பால்வண்டிக்காரன் அழுத்திய ஊதல், எந்த இறைவனுக்கும் உரியதன்று எனினும், ஊரை எழுப்பும் போட்டியில் அனைத்தையும் வென்றது.

மூன்று சாலைகள் கூடி, இனி எப்பக்கம் போவதென்று தம்முள் கலந்து பேசிக்கொண்டிருப்பது போன்ற ஓரிடத்தில், நெடுந்தூண்கள் தாங்கிய அருங்காட்சியகம் ஒன்று நின்றது. பல நெறியினரின் வழிபாட்டுப் பொருள்கள் அன்று மாலை அங்கே முதன்முதலாய்க் காட்சிக்குத் திறக்கப்படவிருந்தன. தொழுகைக்குப்பின் இறைபெயரை உருட்டி எண்ணிய மணிமாலையும், சிலுவை தொங்கும் மணிமாலையும், துறவியர் விரலிடைச் சுழன்ற மணிமாலையும் ஒரே கண்ணாடிப் பேழைக்குள், ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போலவும், ஆனால் பாகப்பிரிவினைக்குப்பின் பேச்சுவார்த்தை நின்றுபோன பிள்ளைகள்போலவும் சற்றே விலகிக் கிடந்தன. அருகே, தொழுமுன் கைகால் கழுவ நீர் வார்த்த மூக்குக் கெண்டி; முழந்தாளிட்டோர் குழித்த மரப்பலகை; விளிம்பு கருத்த அகல்; தொழுந்திசை காட்டப் பித்தளையில் வடித்த பழைய திசைகாட்டி.

இப்பொருள்களையெல்லாம் பழுது நீக்கிப் பேணும் பின்கட்டு அறையில், மூக்கு நுனியில் கண்ணாடியும் காதிடுக்கில் நூல்துண்டுமாய் வீற்றிருந்தவரை அங்குள்ளோர் ஊசியார் என்றே அழைத்தனர். துணியைப் பேணுவதே அவர் கடன் எனினும், பிற பொருள்களையும் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் இருக்க அவரால் இயலாது. பிறர் ஒரு கெண்டியைக் கண்டால் அதன் அழகைக் காண்பர். இவரோ அதன் பிடியில் எவ்விடம் தேய்ந்துள்ளதென்று நோக்கி, நீர் வார்த்தவர் இடக்கையரோ வலக்கையரோ என்று ஆராய்வார். மணிமாலையில் எந்த மணி மிகுதியாய் மின்னுகிறதோ அவ்விடத்தில்தான் அதன் உடையவர் தூங்கி விழுந்திருப்பார் என்று துணிந்துரைப்பார். "சாமியை நான் பாத்ததில்லை. ஆனா சாமி கும்பிட்ட விரலையெல்லாம் பாத்திருக்கேன்" என்பது அவர் அடிக்கடி சொல்லிப் பெருமிதம் கொள்ளும் பேச்சு.

இத்துணை நுண்ணறிவு படைத்தவரிடம் ஒரேயொரு குருட்டிடம் இருந்தது. குருட்டிடத்தின் இயல்பே உடையவர்க்குத் தெரியாதிருத்தல் அன்றோ! வெண்கலத்தின் தேய்வை வரலாறு என்பார்; மரத்தின் குழியை வரலாறு என்பார்; துணியில் தேய்வு கண்டால் மட்டும் ஓட்டை என்பார். கையில் ஊசியோடு நாற்பதாண்டு வாழ்ந்தவர்க்கு ஓட்டை என்பது பகை. பகையோடு யாரும் அமர்ந்து வரலாறு பேசுவதில்லை.

சின்னாட்களுக்கு முன்னர், காட்சிக்கென இரவல் வந்த கம்பளித் தொழுகை விரிப்பொன்று அவர் மேசைக்கு வந்தது. மாதுளைச் செம்மையும் கடல்நீலமும் கலந்து நெய்த அதன் தலைப்பில், வாயில்போல் வளைந்த வளைவொன்று அமைந்திருந்தது. தொழுவோர் நெற்றி படிவது அவ்வளைவின் அடியில். அங்கே நிறம் மங்கி, பகலில் தெரியும் நிலவுபோல் ஒரு வட்டம் வெளிறியிருந்தது. ஊசியார் குனிந்து முகர்ந்தார், வண்டியெண்ணெய் மணந்தது. "தொழுகை விரிப்புல எதுக்கு டீசல் வாசம்?" என்று தமக்குத்தாமே வினவி மகிழ்ந்தார். ஒரு மூலை மட்டும் மடிந்து மடிந்து தழும்பேறியிருந்ததை வியந்தார். பின்னர், விரிப்பின் கீழ்ப்பாதியில் நான்கு காயங்களைக் கண்டார். பின்னிரண்டும் புள்ளிகள், முன்னிரண்டில் ஒன்று சிறு கீறல், மற்றொன்றோ வளைவை நோக்கி இழையறுத்துக்கொண்டு நீண்டு சென்ற கோடு.

நாற்காலிக் கால்கள்! கண்ட அளவில் அவருக்குச் சினம் மூண்டது. தொழும் துணிமேல் நாற்காலியைப் போட்டு இழுத்த அந்த அறிவிலி யாரோ என்று அறைச்சுவர்கள் நாணும்படி ஏசினார். படம் பிடித்த பின்னரே ஊசி தொடவேண்டும் என்பது அவ்விடத்து நெறி. சினம் நெறியை முந்திக்கொண்டது. கம்பளி இழையை விரிப்பின் வயதுக்கேற்பச் சாயம் தோய்த்து வெளிறச் செய்து, ஊடும் பாவுமாய் இழையோட்டி, முடிச்சும் புறம் தோன்றாவண்ணம் உள்ளடக்கி, முத்தாய்ப்பாய் மூலையின் மடிப்புத் தழும்பையும் ஆவியில் காட்டி நீவிவிட்டார். பணி முடிந்தபின் தேடிப்பார்த்தார். தாம் தைத்த இடம் தமக்கே தெரியவில்லை. தம் முதுகில் தாமே தட்டிக்கொள்ளக் கை எட்டாத குறை ஒன்றே அவருக்கு எஞ்சியது.

திறப்புநாளின் உச்சிப்பொழுதில், விரிப்பை இரவல் தந்த கணக்காசிரியை, கூட்டம் சேருமுன் ஒருமுறை பார்த்துப் போகலாமென வந்தார். நெற்றிவரை முக்காடிட்ட, ஐம்பதைக் கடந்த அம்மையார். நெடுங்காலம் கரும்பலகைமுன் நின்றமையால், சொல்லும் விரலும் சேர்ந்தே அசையும் பழக்கமுடையவர். அருங்காட்சியகத் தலைவி அவரைப் பின்கட்டுக்கு அழைத்து வந்தார். ஆசிரியை விரிப்பின்மேல் உள்ளங்கையை வைத்து, இருட்டில் விளக்குப்பொத்தானைத் தேடுவார்போல் தடவினார், நிறுத்தினார், மீண்டும் தடவினார்.

"இங்க ஒரு கோடு இருந்துச்சே?"

"இருந்துச்சு!" ஊசியார் எழுந்தே நின்றுவிட்டார். "இப்ப எங்கன்னு கண்டுபிடிங்க பாப்போம், டீச்சர்!"

ஆசிரியை கண்டுபிடிக்கவில்லை. தேர்வுத்தாளை முற்றும் வெறுமையாய்த் தந்த மாணவனைப் பார்ப்பதுபோல் விரிப்பையே பார்த்து நின்றார். பாராட்டு வரக் காலந்தாழ்வதை உணர்ந்த ஊசியார், அதற்கு உதவிபுரியும் நோக்கத்தோடு, "எவனோ நாற்காலியைப் போட்டு இழுத்திருக்கான். கொஞ்சமாவது அறிவு வேணாம்?" என்றார்.

"எங்கத்தாதான் அது. என்னைப் பெத்தவரு."

வாயைத் தைக்கும் ஊசி ஒன்று இருந்திருப்பின், அதனை ஊசியார் அப்பொழுதே தமக்குப் பயன்படுத்தியிருப்பார்.

"பஸ் டிரைவரு" என்றார் ஆசிரியை, குரலை உயர்த்தாமல். "இந்த விரிப்பு சீட்டுக்குப் பின்னாடியேதான் இருக்கும். எந்த ஊர்ல வண்டி நின்னாலும் அங்க விரிச்சுத் தொழுவாரு. ஓட்டி ஓட்டி முதுகு போச்சு. குனிஞ்சு தரையில நெத்தி வைக்க முடியல. முடியாதவங்க நாற்காலில உக்காந்து தொழலாம், நெத்தி தரையில வைக்கிற சஜ்தாவுக்கும் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினா போதும்னு மார்க்கத்துலயே இருக்கு. எல்லாரும் சொன்னாங்க, போதும், போதும்னு. அவருக்குப் போதல."

"போதலன்னா?"

"நெத்தி விரிப்புல படணும்னு எட்டுவாரு. ஒவ்வொரு வேளையும். நாற்காலி முன்னால சரியும். நான் பின்னால நின்னு சாயாமப் பிடிச்சுக்குவேன். அந்தக் கால் அரைச்சு அரைச்சு வந்த கோடுதான் அது." ஓரத்தைத் தொட்டுக் காட்டி, "ஓரம் பிரிஞ்சிருக்கு, அதை மட்டும் தச்சுக்கங்கன்னுதானே சொன்னேன்?" என்றார்.

தலைவி முன்வந்து, பேழை எண், அழைப்பிதழ், வரவிருக்கும் பெருமக்கள் என்று ஏதேதோ தொடங்கினார். ஆசிரியை கேட்டுக்கொண்டே விரிப்பின் விளிம்பைப் பற்றினார். "கோவமில்லைங்க. இப்ப இது கடையில விக்கிற விரிப்பு மாதிரி இருக்கு. நான் வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடறேன்."

சினந்து ஏசியிருந்தால் ஊசியார் தாங்கியிருப்பார். ஏச்சுக்கு மறுமொழி அவரிடம் மூட்டை மூட்டையாய் இருந்தது. கடையில் விற்பதுபோல் என்ற அச்சொல்லோ, துரும்பினும் மெலிதாய் வந்து, இரும்பினும் கனமாய் அவர் நெஞ்சில் இறங்கியது.

"டீச்சர், சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. பழைய இழை ஒண்ணைக்கூட நான் வெட்டல. என் நூலை உருவிட்டா அவரு கோடு அடியில அப்படியே இருக்கும்."

"அப்ப உருவுங்க!" என்றார் தலைவி.

"அதுலதான் ஒரு சின்னச் சிக்கல்." ஊசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; துடைத்ததையே மீண்டும் துடைத்தார். "எங்க தச்சேன்னு எனக்கே தெரியல."

உண்மையே. வெளிச்சத்தில் பிடித்தார், தெரியவில்லை. பின்புறம் திருப்பினார், உள்ளடக்கிய முடிச்சுகள் தம்மை உருவாக்கியவரையே பார்த்து இளித்துக்கொண்டு ஒளிந்திருந்தன. கண்மூடித் துழாவி, பழைய இழைமேல் தவறாய் ஊசி வைத்தால், மீண்டும் கிட்டாத ஒன்று அறுந்துபோகும். தம் கைத்திறனையே அவர் முதன்முறையாகப் பகைவனைப்போல் எதிர்நின்று பார்த்தார். பகைவன் மெய்யாகவே வல்லவனாயிருந்தான்.

நெடுநேரம் நெற்றியைத் தேய்த்தபின் அவர் கேட்டார்: "நாற்காலியை எங்க போடுவீங்கன்னு கைக்கு நெனப்பிருக்கா?"

"கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்."

அவ்வளவே, அவருள் உறங்கிய ஆராய்ச்சிக்காரர் துள்ளியெழுந்தார். விரிப்பின் அளவுக்குப் பழுப்புத்தாளைத் தரையில் பரப்பி, அதன்மேல் வளைவையும் நெற்றிவட்டத்தையும் வரைந்தார். தம் மர நாற்காலியின் நான்கு கால்களிலும் தையற்காரர் துணியில் குறியிடும் நீலக்கட்டியை அழுத்தித் தேய்த்தார். ஆசிரியை கண்மூடி, முதுகுச்சட்டத்தைப் பற்றித் தூக்கி, ஒருமுறை வைத்து, விரற்கடையளவு இடப்புறம் நகர்த்தி, "இதான்" என்றார். அவ்விரற்கடை அசைவில் எத்துணைக் காலத்துப் பழக்கம் இருந்ததென்பதை அளக்கக் கணக்காசிரியைக்கும் வாய்பாடு இல்லை.

"நான் உக்காரலாமா? தப்பில்லையே?"

"தொழற மாதிரி நடிக்க வேணாம். சும்மா உக்காந்து, அவரு மாதிரி எட்டிப் பாருங்க. நான் பிடிச்சுக்கறேன்."

ஊசியார் அமர்ந்தார். பஞ்சு மூட்டைக்கு இடுப்பு எங்கே உண்டோ அவ்விடத்தில்தான் அவருக்கும் இடுப்பு இருந்தது. அவ்விடத்தில் மடிவது எளிதன்று. முன்குனிந்தார். தாளில் வரைந்த நெற்றிவட்டம், அருகில் இருந்தும் அக்கரைபோல் தொலைவில் தெரிந்தது. இன்னும் குனிந்தார், முதுகில் ஒரு நரம்பு தன் பெயரை உரக்கச் சொன்னது.

"அம்மாடி!"

"அத்தாவும் அப்படித்தான் சொல்வாரு, தொழுது முடிச்சப்புறம்" என்று பின்னிருந்து ஆசிரியை சொன்னபோது, அக்குரலில் முதன்முறையாய்ச் சிரிப்பின் ஈரம் இருந்தது.

அவர் மீண்டும் எட்ட, நாற்காலி சரிய, முதுகுச்சட்டத்தைப் பற்றிய கைகள் அவர் எடையைத் தாங்கின. குனிந்தவர்க்குத் தாங்குவோரின் முகம் தெரியாது; தாங்குவோர்க்குக் குனிந்தவரின் முகம் தெரியாது. இருவரையும் இணைப்பது பாதி சாய்ந்த ஒரு மரச்சட்டம் மட்டுமே. அந்நிலையில் ஊசியார் தம் வேடிக்கைப் பேச்சை மறந்து சற்றுநேரம் அப்படியே இருந்தார். தலைவிதான் விரைந்து வந்து நிமிர்த்தினார்.

தாளில் நீலமாய் மூன்று குறிகளும் ஒரு கோடும் பதிந்திருந்தன. ஊசியார் அக்குறிகளை ஊசியால் துளையிட்டுத் தாளை விரிப்பின்மேல் பொருத்தினார். காட்டிய இடத்தில் விரல்நுனியை வைத்து, மூச்சடக்கி அழுத்தினார். பழங்கம்பளி வயதானவர்போல் அழுந்தியபடியே கிடந்தது. அதனிடையே ஓரிடம் மட்டும் இளம்பிள்ளைபோல் விரலைத் திருப்பி உதைத்தது.

"மாட்டிக்கிட்டான்!" என்று ஊசியார் கூவினார். பிடிபட்டவரும் பிடித்தவரும் ஒருவரே என்பதை நினைவூட்ட எவரும் துணியவில்லை.

இழை இழையாய் உருவத் தொடங்கினார். அதற்குள் சாளரத்தின் நிழல் சாய்ந்து நீள, பிற்பகல் தொழுகைக்கான அழைப்பு எங்கிருந்தோ மிதந்து வந்தது. ஆசிரியை எழுந்து, சாயத்தொட்டியருகே இருந்த குழாயில் தொழுமுன் கழுவும் ஒழுச் செய்து, கைகளும் முகமும் நீரொழுக வந்து, "அசர் நேரம். இங்க ஒரு மூலையில தொழுதுக்கலாமா? தொழுற திசை, கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஊசியார் மகிழ்ந்து, பேழையில் வைக்கக் காத்திருந்த பித்தளைத் திசைகாட்டியை எடுத்தார். "அது காட்சிப்பொருள்!" என்று தலைவி பதறினார். "அதுக்கும் ஒரு வேலை குடுப்போம்மா, சும்மாவே படுத்திருக்கு" என்று மூடியைத் திறந்தார். முள் உறக்கம் கலைந்தாற்போல் நடுங்கி, சுழன்று, உறுதியாய் நின்று அவருடைய பெரிய கத்தரிக்கோலைச் சுட்டியது. கத்தரிக்கோலை இடம் மாற்றினார். முள்ளும் நன்றியுள்ள நாய்போல் அதனைத் தொடர்ந்தது. ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க எதைக் கும்பிடறீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, அண்ணே!" என்று சொல்லித் தம் கைப்பேசியில் திசை பார்த்துக்கொண்டார்.

அண்ணே என்ற அச்சொல் ஊசியாரின் காதில், பஞ்சில் எண்ணெய்போல் மெல்ல ஊறியது.

"விரிப்பு... இதுதான் இப்ப பிரிச்சுக் கெடக்கே?"

"விரிப்பு இருந்தாத்தான் தொழணும்னு இல்லைண்ணே. இடம் சுத்தமா இருந்தா போதும்." ஆசிரியை புதிய பழுப்புத்தாள் ஒன்றை வாங்கிப் பரப்பிக்கொண்டார்.

விரிப்பே வேண்டாம் எனின், அதன் ஒரு கோட்டுக்காக ஏன் இத்துணைத் துயர்? இவ்வினா நாநுனிவரை வந்தது. ஆனால், ஆசிரியை நின்று, குனிந்து, நிமிர்ந்து, பின் நெற்றியும் மூக்கும் உள்ளங்கைகளும் முழங்கால்களும் கால்விரல்களும் ஒருங்கே நிலந்தோய விழுந்தபோது, தாள் மெல்லச் சரசரத்த அவ்வோசையில் வினா தானாய் அவிழ்ந்தது. இவ்வளவு எளிதாய்த் தொடக்கூடிய தரை அது. அதைத்தான் ஒரு மனிதர் நாள்தோறும் எட்டி எட்டித் தொடமுடியாது திரும்பினார். துணி தூயதா இல்லையா என்பதன்று இங்கே பேச்சு. அதன்மேல் எழுதப்பட்ட ஏக்கம் ஒன்று உண்டு, எழுதியவர் போய்விட்டார், வேறு படி இல்லை.

பிற்பகல் முதிரும்வரை ஊசி நடந்தது. புள்ளிகள் திரும்பின, கீறல் திரும்பியது, இறுதியாய்க் கோடு, நீரடியிலிருந்து எழும் கல்போல், கொஞ்சங் கொஞ்சமாய் வெளிவந்தது. நீலக்கட்டி காட்டிய எல்லையில் ஆசிரியை, "அவ்வளவுதான்" என்றார். ஊசியார் நிறுத்தவில்லை.

"இல்லம்மா. இன்னும் இருக்கு."

"இருக்காது. நான்தானே பிடிச்சுக்கிட்டு நின்னேன்?"

"நீங்க பின்னால நின்னீங்க. நான் முன்னால உக்காந்து தச்சவன். என் நூல் இன்னும் விரலை உதைக்குது, என் கைக்குத் தெரியும்."

உருவ உருவ, கோடு தாளின் எல்லையைக் கடந்து சென்றது. மெலிந்தும், விட்டுவிட்டும், ஆயினும் வளைவை நோக்கியே சென்று, ஒரு சிறு குழியில் நின்றது. அதற்கப்பால் வெளிறிய நெற்றிவட்டம், ஒரு சாண் தொலைவில்.

ஆசிரியை அதன்மேல் குனிந்தார். "அவ்வளவு தூரம் வந்துட்டாரா?" என்றார், தமக்குள்ளேயே. "கடைசி நாளெல்லாம் ரொம்ப லேசா இருக்காரேன்னு நெனச்சேன். பிடிக்கவே பாரம் தெரியல. உடம்பு குறைஞ்சு போச்சு, அதனாலதான்னு நெனச்சேன். நாற்காலியையே கொஞ்சங் கொஞ்சமா முன்னால நகத்திக்கிட்டுப் போயிருக்காரு." பின்னர் விரித்த கையை அந்த ஒரு சாண் இடைவெளியின்மேல் மெல்லப் பதித்து, விழிநீர் வழியவிட்டார். ஊசியாரும் அவ்வேளையில் ஊசியில் நூல் கோக்க முயன்றார். கோக்க வேண்டிய நூல் ஏதுமில்லை என்பதை உடனிருந்தோர் பெருந்தன்மையோடு காணாதிருந்தனர்.

"மூலையில ஒரு மடிப்பு இருந்துச்சு. அதை நான் தேச்சு எடுத்துட்டேன். அதைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியல" என்றார் அவர், தலைகுனிந்து.

"தொழுது முடிச்சா மூலையை மடிச்சு வைப்போம். அது கட்டாயமெல்லாம் இல்ல, பழக்கம்." ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையை மடித்தார். அது அடங்காமல் நிமிர்ந்தது. மீண்டும் மடித்து, உள்ளங்கையால் அழுத்தி வைத்தார். "இது போனா பரவால்ல. இதை நானே பண்ணிக்குவேன். இங்கயே இருக்கட்டும்ணே, எல்லாரும் பாக்கட்டும்."

மாலையில் விளக்குகள் ஏற்றப்பட்டுக் கதவுகள் திறந்தன. பட்டும் பொன்னுமாய் வந்தோர் பேழைதோறும் நின்று வியந்து கடந்தனர். விரிப்பின்முன் மட்டும் ஊசியார் வாயிற்காவலர்போல் கைகட்டி நின்றார். நறுமணம் கமழ வந்த பெரியவர் ஒருவர், கண்ணாடியருகே குனிந்து, நாவால் உச்சுக்கொட்டினார்.

"எவ்வளவு அருமையான வேலைப்பாடு! இந்தக் கிழிசலை மட்டும் தச்சு வச்சிருக்கலாமே?"

"தச்சிருக்கலாம் சார்" என்றார் ஊசியார் பணிவோடு. "அந்த அளவுக்குக் கைத்திறமை உள்ள ஆள் கிடைக்கலையாம்."

சற்றுத் தள்ளி நின்ற ஆசிரியை முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின்னும் ஊசியார் அங்கேயே நின்றார். மணிமாலைகள் மின்னின, கெண்டி தன் தேய்ந்த பிடியைத் தாழ்த்தியிருந்தது, திசைகாட்டி கத்தரிக்கோலின் தொல்லை நீங்கி மெய்த்திசை கண்டு அமைதியுற்றிருந்தது. தொட்டுத் தேய்ந்த பொருள்களுக்கு நடுவே, தொடமுடியாமல் தேய்ந்த பொருள் அவ்விரிப்பு ஒன்றே. வாழ்நாளெல்லாம் இடைவெளி கண்டால் நிரப்பிய அக்கைகள், கோட்டின் முடிவுக்கும் நெற்றிவட்டத்துக்கும் நடுவே கிடந்த அந்த ஒரு சாணை நிரப்பாமல் விட்டுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாய் மடிந்து ஓய்ந்திருந்தன. இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவென்று அவர் அறியார். அதைக் கடக்க முயன்ற ஒருவரின் தொலைவு எவ்வளவென்பதை அறிவார்.